பத்தாயிரம் கெல்வின் வெளிச்சம்

என் வீட்டுக்காரர் லாமர்ட்டின் இரண்டு கண்களை வைத்துத்தான் நாங்கள் முப்பத்துநாலு வருஷம் சாப்பிட்டோம். மெப்பல் ஊரில் கால்வாய்ப் பாலத்தை ஒட்டி இருந்த பெயின்ட் கடையில் நிறம் கலக்கிக் கொடுப்பது அவர் வேலை. நிறம் கலக்க மிஷின் வந்த பிறகும் ஊர்க்காரர்கள் மிஷினை நம்பவில்லை. பழைய கதவிலிருந்து சுரண்டிய பெயின்ட் துணுக்கைக் கொண்டுவந்து இவர் உள்ளங்கையில் வைப்பார்கள். இவர் வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்ப்பார், திரும்பி வந்து கலக்குவார், கொடுப்பார். ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். இரண்டு வந்தன, எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி அவர் வாயைக் கிளறிவிட்டு, பிறகு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு கிடையாது.

தெம்பு என்ற விஷயம் என்னிடம் எப்போதுமே குறைவு. முதியோர் இல்லத்தில் காலை வேலை பார்த்தேன். தினமும் ஒன்பது பேரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு மதியம் வீட்டுக்கு வருவேன். லாமர்ட் ஓய்வு பெற்ற முதல் வருஷம், வீட்டில் பத்தாவது ஆள் காத்திருப்பார். உருளைக்கிழங்கு வேக எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்ப்பார். அலமாரியில் இருந்த தட்டுகளை அளவுவாரியாக மாற்றி அடுக்குவார். நான் தரை துடைத்த இடத்தில் நின்றுகொண்டு, துடைப்பது எப்படி என்று சொல்வார். ஒரு நாள் நான் மிதிவண்டி நிறுத்தும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் வந்து கதவைத் தட்டி, "யந்தினா, இந்தக் கதவுக்கு ஒரு கோட் பெயின்ட் அடிக்கணும்"னு சொன்னார்.

அந்த நேரத்தில்தான் மீன் தொட்டிச் சங்கம் அவரை நடுவராகக் கூப்பிட்டது. எனக்கு அது விடுதலைப் பத்திரம்.

மீன் தொட்டி என்று சொல்கிறோமே தவிர, எங்கள் சங்கத்தில் மீன் வெறும் வாடகைக் குடித்தனம். வீட்டுச் சொந்தக்காரன் செடிதான். தண்ணீருக்கடியில் பத்துப் பன்னிரண்டு வகைச் செடிகளை நட்டு, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று எடுப்பாகத் தெரியும்படி நிறமும் உயரமும் பார்த்து வளர்ப்பார்கள். ஒரே வகைச் செடியை முன்னால் குட்டையாகவும் பின்னால் போகப்போக நெட்டையாகவும் வரிசையாக நடுவதற்கு 'லெய்டன் தெரு' என்று பெயர். பார்க்க ஒரு சந்து சாய்வாக உள்ளே போவதுபோல் இருக்கும். வருஷா வருஷம் அக்டோபரிலும் நவம்பரிலும் நடுவர் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்கக் கூடாது, திரைச்சீலையை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட வேண்டும். மார்க் போட்ட பிறகும் யாரும் எதிர்த்துப் பேசுவது கிடையாது. எங்கள் ஜனம் வேறு எதற்கும் வாயை மூடாத ஜனம். ரொட்டிக்கடைக்காரி என் தலையைப் பார்த்து, "யாரு வெட்டினது? காசைத் திருப்பிக் கேளு"னு முகத்துக்கு நேரே சொன்னவள். ஆனால் நடுவர் தாளில் எழுதியது எழுதியதுதான்.

லாமர்ட் நடுவரான நாலாம் வருஷமோ என்னவோ, டியூப் லைட்டுகள் கடைகளிலிருந்து காணாமல் போக ஆரம்பித்தன. எல்லோரும் எல்.இ.டி.க்கு மாற வேண்டியதாயிற்று. எதை வாங்குவது என்று சங்கமே திணறியது. பெட்டி மேல் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருக்கும். எண் குறைவாக இருந்தால் வெளிச்சம் மஞ்சளாக இருக்கும், கூடக் கூட வெள்ளையாகி, அதற்கும் மேலே போனால் நீலமாகிவிடும். செடி எல்லாவற்றிலும் எப்படியோ வளர்ந்துவிடும். நிறம் எதில் உண்மையாகத் தெரியும் என்பதுதான் கேள்வி. அதற்கு லாமர்ட்டைவிட்டால் யாரைக் கேட்பார்கள்? சனிக்கிழமை ஆனால் வீட்டில் போன் ஓயாது.

முதலில் ஆறாயிரத்து ஐந்நூறு வாங்கச் சொன்னார். எங்கள் தொட்டிக்கும் அதையே போட்டார். ஒரு வருஷம் கழித்து, "இது மஞ்சளடிக்குது" என்று எடுத்துவிட்டு எட்டாயிரம் போட்டார். அதற்கடுத்த வருஷம் அதுவும் மஞ்சளடித்தது. பத்தாயிரம் வந்தது. அதைப் போட்ட அன்று, "இப்பத்தான் தண்ணி தண்ணியா இருக்கு" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

எனக்குக் கூடம் மீன் கடை ஐஸ் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்தால் இல்லத்தில் செத்துப்போனவர்களின் கைதான் நினைவுக்கு வரும். கம்பளி பின்னும்போது கருநீலம் எது, கறுப்பு எது என்று தெரியவில்லை. அதனால் பின்னல் கூடையை எடுத்துக்கொண்டு அடுப்படி மேஜைக்குப் போய்விட்டேன். மூன்று வருஷம் சாயங்கால நேரத்தில் அவர் கூடத்தில், நான் அடுப்படியில். ஏன் எழுந்து போனேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் கண்ணில் கோளாறு என்று எனக்கு எப்போது தெரியும் என்றால், வீட்டுக் கதவு நிலைக்கு அவர் பெயின்ட் அடித்த அன்றே தெரியும். வாசல் நிலைக்கு வெள்ளை பெயின்ட் அவரே கலக்கி அடித்தார். காய்ந்ததும் பார்த்தால் வெளிர் நீலம். எதிர்வீட்டு ஹென்னி நின்று பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி ஏதாவது திறக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். லாமர்ட் அவளுக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். பிறகு ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், இன்னொன்றில் பழுப்பு. பிறகு இருட்டுகிற நேரத்தில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்றார். "இப்ப வர்ற கார்களுக்கு லைட் போடத் தெரியல" என்று கார் செய்கிறவர்களைத் திட்டினார். அதிலிருந்து நடுவர் வேலைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. என் விடுதலைப் பத்திரத்துக்கு நானே டிரைவர்.

இந்த நிலைமையில்தான் அலீடா வீட்டுக்குப் போனோம்.

அலீடா ஹாவெல்ட ஊரில் பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிறவள். அறுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டது, வீட்டில் தனி ஆள். ஒன்றரை மீட்டர் தொட்டியை ஏழு வருஷமாக வளர்த்தாள். எங்கள் வட்டாரத்தில் முதல் வருகிற தொட்டி நாட்டளவுப் போட்டிக்குப் போகும், தூர ஊர்களிலிருந்து நடுவர்கள் மூன்று பேர் ரயிலேறி வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அவளுக்கு வேறு ஆசை கிடையாது. முந்தின வருஷம் இரண்டாவது வந்திருந்தாள். இந்த முறை அவள் தொட்டிதான் என்று சங்கத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். எனக்குச் செடியும் தெரியாது, மார்க்கும் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பு இலைச் செடி, அதன் பக்கத்தில் இளம் பச்சையில் ஒரு தெரு, பின்னால் கரும்பச்சை. சாயங்கால வெயிலில் நிற்கிற தோட்டம் மாதிரி இருந்தது. என் கையைத் தொட்டி வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன், உயிருள்ள கையாக இருந்தது. அங்கேயே நாற்காலியைப் போட்டுப் பின்னல் கூடையோடு உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. லாமர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் அடுப்படிக்குப் போனோம்.

அலீடா காபி ஊற்றினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டு மூடினாள். கைக்கு வேலை இல்லாமல் அதே டப்பாவைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். கூடத்திலிருந்து லாமர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மஞ்சள்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தது கேட்டது.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தாள். "யந்தினா, நீ உள்ள வந்ததும் பார்த்தியே. என் லைட் மஞ்சளாவா இருக்கு?"

மஞ்சள் இல்லை. சத்தியமாக இல்லை. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

"அவருக்குத் தெரியும் அலீடா. முப்பத்துநாலு வருஷம் பெயின்ட் கலக்கினவர்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் தன் காபியைக் குடித்தாள்.

தாளில் அவர் எழுதியது இதுதான்: 'தொட்டி முழுவதும் மஞ்சள் கலந்திருக்கிறது. சிவப்பு, பழுப்பாகத் தெரிகிறது. விளக்கு தவறான தேர்வு. பத்தாயிரத்துக்கு மாற்றவும்.' நிறத்துக்கான மதிப்பெண்ணில் இரண்டரை குறைத்தார். ஒன்றரை மதிப்பெண்ணில் அவள் வட்டார முதலிடத்தை இழந்தாள். ஸ்டேன்வைக் ஊரிலிருந்து ஒரு பல் டாக்டரின் தொட்டி நாட்டளவுப் போட்டிக்குப் போனது. அந்தத் தொட்டிக்கு விளக்கு தேர்ந்தெடுத்துக் கொடுத்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

அலீடா சொன்னபடி விளக்கை மாற்றினாள். புது விளக்கு பழையதைப் போல இரண்டு மடங்கு உக்கிரம். இரண்டு மாதத்தில் இலை இலையாகப் பாசி பிடித்தது என்று கேள்விப்பட்டேன். அடுத்த அக்டோபரில் நடுவர் போக வேண்டிய வீடுகளின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. "வேலை அதிகமோ என்னவோ" என்றார் லாமர்ட். நான் வண்டியை ஓட்டினேன்.

கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். இரண்டு கண்ணிலும் புரை, அதுவும் முற்றியது. மார்ச்சில் முதலில் வலது கண்ணுக்கு அறுவை. மறுநாள் காலை கண் மூடியை எடுத்ததும் லாமர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "மேகம் வெள்ளையா இருக்கு" என்றார். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு கூடத்துக்குப் போனார். தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிடத் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், தொட்டி முன்னால் நின்று உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடுகிறார், எடுக்கிறார், மற்றதை மூடுகிறார். சின்னக் குழந்தை ஒளிந்து விளையாடுகிற மாதிரி.

"யந்தினா, இங்க வா. இந்தக் கண்ணுல பார்த்தா சரியா இருக்கு" என்று ஆபரேஷன் ஆகாத கண்ணைக் காட்டினார். "இந்தக் கண்ணுல நீலம். எது நிஜம்?"

"புதுக் கண்ணுதான் நிஜம்."

"இவ்வளவு நீலமாவா இருக்கு?"

"ஆமா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. மூன்று வருஷம் ஐஸ் பெட்டியில் உட்காரவைத்தவர் இவர். ஆனால் அவர் எங்கள் கூடத்தைப் பற்றி யோசிக்கவில்லை. எழுந்துபோய் மதிப்பெண் தாள்களின் நகல் வைத்திருந்த அட்டைக் கோப்பை எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளாக, புதுக் கண்ணால், மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். மதியச் சாப்பாட்டுக்கு வைத்த பட்டாணி சூப் ஆறிப்போனது. அலீடா தாளுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இந்தத் தொட்டி எப்படி இருந்துச்சு? நீயும்தானே வந்த. ஞாபகம் இருக்கா?"

"எனக்கு என்ன தெரியும் லாமர்ட். அடுப்படியில இருந்தேன்."

"நாளைக்கு ஹாவெல்ட போகணும். நேர்ல சொல்லணும்."

"போன்ல சொல்லேன். கண்ணுல சொட்டு மருந்து போடணும், தூசி படக் கூடாதுன்னிருக்காங்க."

"போன்ல சொல்ற விஷயமா இது?"

இல்லைதான். ஆனால் அவர் நேரில் போய்ச் சொன்னால் நானும் அந்த அடுப்படியில் நிற்க வேண்டும். அலீடாவுக்கு நான் சொன்ன பதில் நினைவிருக்கும். ஒருவேளை இருக்காது. அன்று முழுவதும் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக் களைத்துப்போனேன்.

மறுநாள் ஹாவெல்ட போனோம். அலீடா அப்போதுதான் பள்ளி வேலை முடிந்து வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்தாள். கூடத்தில் தொட்டி இருந்தது, தண்ணீர் இல்லை. உள்ளே இஸ்திரி போட வேண்டிய துணிகளை மடித்து அடுக்கியிருந்தாள். புது விளக்கு அதன் பெட்டிக்குள் அலமாரி மேல் இருந்தது. லாமர்ட் உட்காரவில்லை. நின்றபடியே, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

"எனக்குப் புரை இருந்துச்சு. தெரியாம இருந்துட்டேன். எல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சுது. உங்க தொட்டி மஞ்சள் இல்ல, என் கண்ணுதான் மஞ்சள். இரண்டரை மார்க் தப்பாக் குறைச்சேன். விளக்கையும் மாத்தச் சொன்னேன். அதுவும் தப்பு. நடுவர் வேலைய விட்டுட்டேன், காலையில சங்கத்துக்குக் கடுதாசி போட்டாச்சு."

அலீடா கேட்டுக்கொண்டாள். "உட்காருங்க" என்றாள். காபி போட்டாள், டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு பிஸ்கட் வைத்தாள். எதிரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"தெரியாம பண்ணினதுக்கு என்ன சொல்றது" என்றாள். "நான் வேற மாதிரில்ல நினைச்சேன். என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அந்தக் குளிர்காலத்துல கண்ணாடிக் கடைக்குப் போயி டெஸ்ட் பண்ணச் சொன்னேன். எல்லாம் நல்லாருக்குன்னாரு. அப்போ எனக்கு நிறமே பார்க்கத் தெரியலன்னு அர்த்தம்னு எடுத்துக்கிட்டேன். ஏழு வருஷமா அழகுன்னு நினைச்சதெல்லாம் அழகே இல்ல போலிருக்குன்னு. பாசியைச் சுத்தம் பண்ணியிருக்கலாம். மனசு வரல."

அவள் அழவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவளுக்கு அந்த அடுப்படிப் பேச்சு நினைவில் இல்லை என்றுதான் தோன்றியது. நான் காபியைக் குடித்துவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் நல்ல கண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தி டெஸ்ட் பண்ணப் போயிருக்கிறாள். அதை விழுங்க என்னால் முடியவில்லை.

"அலீடா, அன்னைக்கு அடுப்படியில நீ என்னைக் கேட்ட. லைட் மஞ்சளா இருக்கான்னு."

"கேட்டேன்" என்றாள். நினைவில் இருந்தது.

"மஞ்சள் இல்லன்னு எனக்குத் தெரியும். இவர் கண்ணு சரியில்லன்னும் தெரியும். அதுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே தெரியும்."

லாமர்ட் கோப்பையைக் கீழே வைத்தார். அலீடா என்னைப் பார்த்தாள், இப்போதுதான் நேராக.

"அவருக்குக் கண்ணு தெரியல, எழுதினாரு" என்றாள். "உனக்குத் தெரிஞ்சுது."

அவள் எழுந்து கோப்பைகளை எடுத்துவைத்தாள். வாசல் வரை வந்து, லாமர்ட்டுக்கு மட்டும் கைகொடுத்து, "இன்னொரு கண்ணையும் நல்லபடியாப் பண்ணிக்கோங்க" என்றாள்.

திரும்பும்போதும் நான்தான் வண்டியை ஓட்டினேன். பாதி வழியில் லாமர்ட், "ஏன் சொல்லல?" என்றார்.

அவர் மனசு நோகக் கூடாது என்று பார்த்தேன் என ஒரு நல்ல பதில் கையில் இருந்தது. பாதி உண்மையும்கூட. ஆனால் அன்றைக்குப் பொய் சொல்லவும் தெம்பு இல்லை.

"சொன்னா நீ நடுவர் வேலைய விட்டிருப்ப. பகல் முழுக்க வீட்ல இருப்ப. மறுபடி அந்த முதல் வருஷம் மாதிரி. என்னால முடியாது லாமர்ட்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார், எப்போதும் போல.

அடுத்த வாரம் புது விளக்கு ஒன்று வாங்கி வந்தார். குமிழைத் திருகினால் மஞ்சளிலிருந்து நீலம் வரை எந்த நிறம் வேண்டுமானாலும் வரும் வகை. தொட்டி மேல் மாட்டி, முன்னால் உட்கார்ந்து திருகிக்கொண்டே இருந்தார். ஒரு கண் ஒன்று சொன்னது, மறு கண் வேறொன்று சொன்னது. நான் பின்னல் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, மூன்று வருஷத்துக்குப் பிறகு சோபாவில் உட்கார்ந்தேன்.

"அங்கேயே நிறுத்து. இப்ப நல்லாருக்கு" என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. செடி பச்சையாக இருந்தது, என் கை கையாக இருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குமிழிலிருந்து கையை எடுத்தார். எழுந்துபோய்த் தாழ்வாரத்தில் இருந்த போனை எடுத்து அலீடாவைக் கூப்பிட்டார். ஒரு தடவை வந்து விளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா, பஸ் நிறுத்தத்துக்குத் தானே நடந்து வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். அவள் குரல் கணீரென்றது, சோபா வரை கேட்டது.

"எதுக்கு நான்? உங்க வீட்லயே ரெண்டு நல்ல கண்ணு இருக்கே."

லாமர்ட் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். கடையில் வாடிக்கையாளருக்கு ஒரு பெயின்ட்டின் குணத்தைச் சொல்கிற அதே நிதானத்தில், கோபமே இல்லாமல் சொன்னார்:

"நல்ல கண்ணுதான் அலீடா. கேட்டா உண்மை வராது."

சனிக்கிழமை பத்தரை பஸ்ஸில் வருவதாக அவள் சொன்னாள்.